கடலூர் மூக்கு

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசிக்குப் போகிறார்கள், சிங்கப்பூருக்குப் போகிறார்கள். நான் போனது கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம், மறுபடியும் கடலூர். எல்லாம் கூட்டினால் இருநூறு கிலோமீட்டர் வராது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்காக நான் ஒரு வருடம் கெஞ்சியிருக்கிறேன். காசிக்குப் போக யாரும் அத்தனை கெஞ்சுவதில்லை.

2010 மே மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால் மணி. முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். கழுத்தில் கேமரா, தோளில் பை. நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். ஊரில் "டிராயிங் சார்" என்றால் தெரியும். ஓய்வுக்குப் பிறகு பறவைகளைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லித் திரிகிறேன். உண்மையில் நான் எடுப்பது கிளைகளை. பொத்தானை அழுத்துவதற்கும் கேமரா விழித்துக்கொள்வதற்கும் நடுவில் பறவை போய்விடும். அது உட்கார்ந்திருந்த கிளை மட்டும் அழகாக விழும். என்னிடம் கடலூர் மாவட்டத்துக் கிளைகள் அனேகமாக எல்லாம் இருக்கின்றன.

கெஞ்சிய கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கவிதா ஐந்து வருடம் முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்போது மூத்தவள் மதுவுக்கு ஆறு வயது, சின்னவன் அகிலுக்கு ஒன்று. மாப்பிள்ளை செந்தில் இரண்டு வருடம் கழித்து மறுமணம் செய்துகொண்டார். தப்பில்லை. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆண்பிள்ளை என்ன செய்வார்? நானே முன்னால் நின்று நடத்திவைத்தேன். புதுப்பெண்ணின் பிறந்த வீடு சிதம்பரம். கோயம்புத்தூரிலிருந்து குழந்தைகள் மே மாதம் முழுவதும் சிதம்பரத்துக்கு வரும். எனக்கு ஒரு நாள் கொண்டுவந்து காட்டுவார்கள், சாமியைக் காட்டுகிற மாதிரி. சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

இந்த வருடம் மூன்று நாள் கேட்டேன். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம், பறவை பார்க்கலாம் என்று ஆசை காட்டினேன். சென்னையில் போய்க் கூடாரமே வாங்கிவிட்டேன்.

"டென்ட்லயா மாமா?" என்றார் செந்தில் போனில். நீளமாக யோசித்தார். "சரி. மூணு நாள் எப்படிப் போவுதுன்னு பாக்கலாம். நல்லபடியா போச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து லீவுல பாதி உங்ககிட்டயே இருக்கட்டும்."

லீவில் பாதி. அந்த வார்த்தையைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதுநகர் தாண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸில் ஒரு வேடிக்கை நடக்கும். கெமிக்கல் கம்பெனிகள் வரும் இடம் அது. வெளியூர்க்காரர்கள் சட்டென்று கர்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் உள்ளூர்க்காரர்கள் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்போம். யார் எந்த ஊர் என்று விசாரிக்கவே வேண்டாம். அன்றைக்கும் முன் சீட்டில் ஒரு தம்பதி பொத்திக்கொண்டு ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குப் பழகிப்போய்விட்டது, இவர்களுக்குத்தான் என்ன சொகுசு மூக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழரைக்கெல்லாம் சிதம்பரம். தெற்கு வீதிக்குப் பக்கத்தில் அந்த வீடு. புதுப்பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து, "வாங்க சார்" என்றார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றேன். நம் பாஷையில் கொழுந்தனாருக்கு வார்த்தை இருக்கிறது, ஓரகத்திக்கு இருக்கிறது, சகலைக்கு இருக்கிறது. செத்துப்போன முதல் மனைவியின் அப்பனும் உயிரோடிருக்கிற இரண்டாம் மனைவியின் அப்பனும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வது என்பதற்கு மட்டும் ஒன்றுமில்லை. சம்பந்தி என்று சொல்லிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் கூசுகிறது. அதனால் சார். மனுஷன் தங்கமானவர். கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம், அதற்கும் வழியில்லை. இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் போட்டு, போதும் போதும் என்கிற வரை உபசரித்தார்.

மது பையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள். அகில் அவர் மடியைவிட்டு இறங்கவில்லை. "கடலூர் தாத்தா வந்துட்டாங்க பாரு" என்று அவர்தான் இறக்கிவிட்டார்.

கடலூர் தாத்தா என்பது என் பெயர். இரண்டு தாத்தா உள்ள வீட்டில் ஊர்ப் பெயரை ஒட்டுவது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் அவரை அகில் சிதம்பரம் தாத்தா என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர் வெறும் தாத்தா.

எட்டரை மணிக்கு வாடகை அம்பாசடர். பிச்சாவரம் போய்ப் படகில் சுற்றிவிட்டு, அப்படியே கடலூரில் கொண்டு விட ஆயிரத்து நூறு ரூபாய் பேசினேன். பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர், கிள்ளை வழி. துடுப்புப் படகுக்கு நூற்றறுபது. சுரபுன்னை மரங்கள் வேரைத் தண்ணீரில் விட்டு, விரல் ஊன்றி நிற்பது போல நிற்கின்றன. நடுவே சந்து சந்தாக வாய்க்கால். வெயில் உள்ளே இறங்குவதில்லை. பார்க்காதவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும், காலை பத்து மணிக்குள் போக வேண்டும்.

"தாத்தா, அங்க பாருங்க, மீன்கொத்தி!" என்றாள் மது.

எடுத்தேன். கிளை.

"உங்களுக்குப் பறவைன்னாலே ஆவாதா தாத்தா? எல்லாத்தையும் தொரத்திட்டு எடுக்கறீங்க" என்றாள். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கேமராவை அவளிடம் கொடுத்தேன். அவள் பறவைப் பக்கமே போகவில்லை. சேற்றில் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற நண்டை எடுத்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்ட தம்பியை எடுத்தாள். நகராததையும் நகரத் தெரியாததையும் எடுத்தாள். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

மத்தியானம் கிள்ளையில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். கடலூர் நெருங்கும்போது டிரைவர், "கண்ணாடிய ஏத்திக்கங்க சார், பசங்க இருக்காங்க" என்றார்.

"காத்து வரட்டுமேப்பா. புழுங்குது."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எட்டி அவரே ஏற்றிவிட்டார். தூசிக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ராசாப்பேட்டைக்குத் தெற்கே கோதண்டத்துக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. கோதண்டம் என்னோடு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவன். கூடாரத்தை முதல்நாளே கொண்டுவந்து வைத்திருந்தேன். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரத்தை நிறுத்த இரண்டு கிழவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதோடு வந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையால் நிறுத்துகிறான். அவன் நாசமாய்ப் போக. கடைசியில் மதுதான் கம்பியை எதில் சொருக வேண்டும் என்று கண்டுபிடித்தாள்.

அந்தச் சாயங்காலத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கடல்காற்று குளுகுளுவென்று வந்தது. அலையோரம் உள்ளான் குருவிகள் கூட்டமாக ஓடின. அகில் அவற்றோடு ஓடினான், விழுந்தான், எழுந்தான், வந்து என் வேட்டியில் கையைத் துடைத்தான். ராத்திரி கோதண்டம் வாங்கிவந்த புரோட்டாவைத் தின்றுவிட்டு அகில் கூடாரத்துக்குள் என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினான். சின்ன வயதில் கவிதாவும் இப்படித்தான் காலைப் போடுவாள். பாதி லீவு என் கையில் வந்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

விடியற்காலை, வெளிச்சம் வரும் நேரம். மீன்கொத்தியைப் பிடிக்கக் கேமராவோடு முன்னமே வெளியே வந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருமல் சத்தம். அப்புறம் அழுகை. அகில் தட்டுத்தடுமாறி வெளியே வந்தான். கண் இரண்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மணலில் குந்தி, ராத்திரி தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தான். பின்னாலேயே மது, பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு.

"என்ன ஸ்மெல் தாத்தா இது?"

"கடல் வாசனம்மா."

"நேத்து இங்க இது இல்லியே."

மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் ஆழமாக இழுத்தேன். ஈர மணல் வாசனை, சவுக்குச் சருகு வாசனை, அவ்வளவுதான். காற்று மட்டும் திரும்பியிருப்பது தெரிந்தது. கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது இப்போது நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வந்தது.

மோட்டார் கொட்டகையில் படுத்திருந்த கோதண்டம் துண்டை உதறிக்கொண்டு வந்தான்.

"யோவ் கோதண்டம், உனக்கு எதனா நாத்தம் வருதா?"

அவன் மூக்கைத் தூக்கினான். நானும் தூக்கினேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் மோந்து பார்த்தோம்.

"இல்லியேப்பா. எவனா கருவாடு காயப் போட்டிருப்பானோ?"

"ஐயோ, நெசமாவே தெரியலியா உங்களுக்கு? கம்பெனி ஸ்மெல் தாத்தா. வண்டில வரும்போதே லேசா வந்துது" என்றாள் மது.

பழகிப்போய்விட்டது என்று இத்தனை வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகவில்லை. என் மூக்கில் அந்த இடமே செத்துப்போய்விட்டிருக்கிறது. ஒரு குழந்தை கண்ணெதிரே குடலைக் கக்குகிறது, நான் கருவாட்டைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு எரிச்சலும் பயமும் ஒன்றாக வந்தன. பையனைத் தூக்கிக்கொண்டு அலையோரமாகத் தெற்கே ஓடினேன். வெயில் ஏறிக் காற்று மறுபடி கடல் பக்கமிருந்து வர ஆரம்பித்ததும் தெளிந்துவிட்டான். எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்தான்.

குடித்துவிட்டுச் சொன்னான்: "தாத்தா வீட்டுக்குப் போவணும்."

"நாந்தானேடா தாத்தா? இதோ முதுநகர்ல இருக்குது வீடு, போலாம் வா."

"நீங்க கடலூர் தாத்தா. நான் தாத்தா வீட்டுக்குப் போவணும்."

மது அவன் தொடையில் கிள்ளினாள். பிறகு என்னைத் தனியாக அழைத்துப் போய், "அப்பாகிட்ட இதைச் சொல்ல வேணாம் தாத்தா. சொன்னா அடுத்த வருஷம் விட மாட்டாங்க" என்றாள். தம்பியையும் அவளே மிரட்டினாள். பதினோரு வயதுப் பெண்ணுக்கு எதை யாரிடம் மறைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. தாயில்லாத பிள்ளைகள் இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. எனக்காக மறைக்கிறாள் என்பதில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஆனால் சொல்ல வேண்டாம் என்றதற்கு நானும் தலையாட்டினேன்.

கூடாரத்தை மடித்தோம். அது வந்த உறைக்குள் மறுபடி நுழைய மாட்டேன் என்றது, கயிறு போட்டுக் கட்டினேன். இரண்டாம் ராத்திரி முதுநகரில் என் வீட்டில் டிவி பார்த்துக் கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிதம்பரம். செந்தில் கோயம்புத்தூரிலிருந்து முதல்நாள் ராத்திரியே வந்திருந்தார். மெலிந்திருந்தார். "எப்படி மாமா, தொந்தரவு பண்ணாங்களா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. ஜாலியா இருந்துச்சு" என்றேன். மது என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தாள்.

"படமெல்லாம் பெருசா பாக்கலாம் சார்" என்று அந்த வீட்டுக்காரர் ஒரு ஒயரை எடுத்துவந்து கேமராவை டிவியில் சொருகினார். எல்லோரும் உட்கார்ந்தோம். கிளை. கிளை. இறக்கையின் நுனியோடு ஒரு கிளை. "இயற்கை காட்சிங்க" என்றார் அவர் மரியாதையாக. பிறகு நண்டு, தூங்குகிற அகில், சவுக்குத் தோப்பு.

அடுத்தது அந்தப் படம்.

அது எடுக்கப்பட்டதே எனக்குத் தெரியாது. பையன் வாந்தியெடுத்தபோது கேமராவைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, கோதண்டத்தோடு மோந்துகொண்டு நின்றேன் அல்லவா, அந்த இடைவெளியில் மது எடுத்திருக்கிறாள். முண்டா பனியனோடு இரண்டு கிழவர்கள். கண் மூடியிருக்கிறது, முகவாய் மேலே, மூக்குத் துவாரம் நான்கும் விரிந்திருக்கின்றன. பின்னால் அப்போதுதான் சிவக்கிற வானம். வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. நல்ல படம் ஐயா அது. முப்பது வருடம் வகுப்பில் முகம் வரையச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒருவனும் அப்படி ஒரு முகத்தை எனக்கு வரைந்து காட்டியதில்லை.

"என்ன மாமா, சூரிய நமஸ்காரமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் செந்தில்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இல்லப்பா" என்றான் அகில், சிரிப்பில் பங்கு கேட்கிற ஆவலோடு. "அவுங்க மோந்து பாக்கறாங்க. நாத்தம் தாங்கல, நான் வாந்தி எடுத்தேன். அவுங்களுக்குத் தெரியவே இல்லப்பா!"

அவன் மறுபடி சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்தான் நல்ல மனுஷன், எழுந்து, "பசங்களுக்கு எதாவது சாப்பிட..." என்று சொல்லிக்கொண்டே டிவியை அணைத்தார்.

செந்தில் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "இப்போ சரியாயிடுச்சில்ல?" என்று பையனின் கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்த்தார். காமாலைக்குப் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் பிள்ளையின் கண்ணைப் பார்க்கிறார், நான் அதில் என்ன குறை சொல்வது? சாப்பாடு வரை இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். ஒன்றரைக்குக் கிளம்பினேன். மது வாசற்படியில் நின்றாள்.

"நான் அந்த போட்டோவ டெலிட் பண்ணிருக்கணும் தாத்தா."

"போடி பைத்தியம். நல்ல படத்தை எவளாவது டெலிட் பண்ணுவாளா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் மேல் தப்பில்லை என்று இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

செந்தில் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். வண்டி உறுமியதும், "அடுத்த வருஷம் பாக்கலாம் மாமா" என்றார்.

பார்க்கலாம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுச் சொல்லும் பார்க்கலாம். வேலை கேட்டுப் போனவனிடம் சொல்லும் பார்க்கலாம். இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத தமிழன் கிடையாது. போனில் மூன்று நாளுக்குச் சொன்ன பார்க்கலாம் வேறு, இது வேறு. "சரி மாப்ள, பாக்கலாம்" என்று நானும் சொன்னேன். வேறென்ன சொல்ல?

இப்படிப்பட்ட கட்டுரைகளைச் சொந்த ஊரின் பெருமையோடு முடிப்பார்கள். எனக்கு வழியில் வெள்ளாற்றைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். நான் மூச்சை இழுத்தேன். டீசல் வாசனை வந்தது, அவர் தலையிலிருந்த மல்லிகை வந்தது. இன்னும் இழுத்தேன்.

"என்னாம்மா, நாத்தமா?"

"உங்களுக்குத் தெரியலிங்களா?"

"எப்படி இருக்கும்? கொஞ்சம் சொல்லுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்படின்னு சொல்றது... அழுகுன முட்டையில மருந்து கலந்தாப்ல. தொண்டையில போயி நிக்குது." பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. "நீங்க கடலூருங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "கடலூர் தாத்தா."

அவருக்கு அது விளங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுநகர் வரும்வரை அவர் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. நானும் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.